ஈயமும் அனயன் ஆகும்: உலோக நானோக் கொத்துகளைக் கட்டும் இரசாயனம்

உலோகம் இலத்திரனை இழந்து நேரேற்றம் கொண்ட கற்றயன் ஆகும். அல்லுலோகம் இலத்திரனை வாங்கி மறையேற்றம் கொண்ட அனயன் ஆகும். சாதாரண தரத்திலேயே இதைப் படித்துவிடுகிறோம். கறி உப்பைப் பொறுத்தவரை இது முழுக்கச் சரி. ஆனால் உயர்தர வகுப்பில் பி தொகுப்பு மூலகங்களுக்கு, அதாவது ஆவர்த்தன அட்டவணையின் வலப்பக்க மூலகங்களுக்கு வரும்போது, ஈயம், வெள்ளீயம், பிசுமத்து போன்ற உலோகங்களும் இலத்திரனை வாங்கிக்கொண்டு அனயனாக நிற்கும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. களுவாஞ்சிகுடி வகுப்பில் ஒரு மாணவி எழுந்தே கேட்டுவிட்டாள்: "சேர், ஈயம் உலோகம்தானே? அது ஆரிட்ட இலத்திரன் வாங்கும்?"

நல்ல கேள்வி. பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மூலகம் கொடுக்குமா வாங்குமா என்பது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குளோரின் பக்கத்தில் இருந்தால் ஈயம் கொடுக்கும். சோடியமோ பொற்றாசியமோ பக்கத்தில் இருந்தால் அதே ஈயம் வாங்கும். இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கும் வலிமையை மின்னெதிர்த்தன்மை என்பார்கள். போலிங் என்ற இரசாயனவியலாளரின் மின்னெதிர்த்தன்மை அளவில் பொற்றாசியம் 0.82, சோடியம் 0.93, வெள்ளீயம் 1.96, ஆசனிக்கு 2.18. இந்த இடைவெளி போதும். கார உலோகம் தன் கடைசி இலத்திரனைத் தள்ளிவிடும். பி தொகுப்பு உலோகம் அதை எடுத்துக்கொள்ளும்.

எடுத்த பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இலத்திரன் வாங்கிய ஈய அணு தனியாக நிற்பதில்லை. பக்கத்து ஈய அணுக்களோடு சேர்ந்து ஒரு கூடாகிவிடுகிறது. அந்தக் கூடுகளைக் கற்களாக வைத்து, இன்றைய இரசாயனவியலாளர்கள் பல பத்து அணுக்கள் கொண்ட உலோகக் கொத்துகளைக் கட்டுகிறார்கள். எத்தனை அணு, எது எங்கே என்று ஒன்றுவிடாமல் சொல்லக்கூடிய கொத்துகள் அவை.

மட்டக்களப்பு வாவியில் வீச்சு வலை வீசுகிறவர்களின் வலை ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிவர ஈயக் குண்டு கோத்திருக்கும். ஒரு குண்டைக் கத்தியால் கீறிப் பாருங்கள். வெளியே மங்கிய சாம்பல் நிறம், கீறிய இடத்தில் மட்டும் வெள்ளி போல மினுக்கம். கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கிப்போகும், காற்றிலுள்ள ஒட்சிசன் பிடித்துவிடும். தொட்ட கையைக் கழுவ மறக்க வேண்டாம், ஈயம் நஞ்சு. இந்த மந்தமான உலோகத்தில்தான் கதை தொடங்குகிறது.

1891இல் ஜொவானி என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் சோடியத்தைத் திரவ அமோனியாவில் கரைத்தார். அமோனியா -33 பாகை செல்சியஸில் கொதிப்பது. அதற்குக் கீழே குளிர்த்தினால் தண்ணீர் மாதிரி நிற்கும். அதில் சோடியம் கரைந்தால் அழகான கடும் நீலம் வரும். சோடியம் விட்டுப்போன இலத்திரன்கள் அமோனியா மூலக்கூறுகளுக்கு நடுவே தங்கி நிற்பதுதான் அந்த நீலம். அந்தக் கரைசலில் அவர் ஈயத்தைப் போட்டார். நீலம் பச்சையாக மாறியது. சாதாரணமாக எந்தக் கரைப்பானிலும் கரையாத ஈயம் கரைந்துபோயிற்று.

அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நீண்ட காலம் எடுத்தது. கரைசலில் மின்னைச் செலுத்தினால் ஈயம் நேர்மின்வாயை நோக்கிப் போனது. அப்படியானால் அது மறையேற்றம் கொண்டது. 1917இல் அமெரிக்காவில் செய்த மின்பகுப்பு அளவீட்டில், ஓர் இலத்திரனுக்கு ஏறத்தாழ இரண்டேகால் ஈய அணு படிவதாகத் தெரிந்தது. இரண்டேகால் என்ற எண்ணைப் பாருங்கள். அணுவைக் கால் பங்காக வெட்ட முடியாது. நான்கு இலத்திரனுக்கு ஒன்பது அணு என்று எடுத்தால் கணக்குச் சரியாக வரும். ஒன்பது ஈய அணுக்கள் சேர்ந்து நான்கு மறையேற்றத்தைச் சுமக்கும் ஓர் அயன்! எக்ஸ் கதிரால் அந்த அயனைப் பார்க்க யாருக்கும் வழி இல்லாத காலத்தில், வெறும் நிறையையும் மின்னையும் அளந்தே அதன் சூத்திரத்தை எட்டிவிட்டார்கள். எனக்கு இரசாயனத்தில் மிகப் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

இந்தத் துறைக்குப் பெயர் கொடுத்தவர் எடுவார்ட் சிந்தல். 1898இல் பிறந்த ஜேர்மானியர். 1941இல், 43 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். 1930களின் தொடக்கத்தில் திரவ அமோனியாவிலேயே நியமிப்புச் செய்து, அதாவது ஒரு கரைசலோடு இன்னொன்றை அளந்து அளந்து சேர்த்து, ஈயம், வெள்ளீயம், ஆசனிக்கு, அந்திமனி, பிசுமத்து என்று எந்தெந்த மூலகம் எத்தனை அணுவாகச் சேர்ந்து எத்தனை இலத்திரனை வாங்குகிறது என்று வரிசையாக அளந்தார். சோடியமும் தாலியமும் சேர்ந்த திண்மம் ஒன்றின் அமைப்பையும் 1932இல் வெளியிட்டார். தாலியம் 13ஆம் கூட்டம், வெளியோட்டில் மூன்று இலத்திரன். சோடியம் ஒன்றைக் கொடுத்தால் நான்கு. நான்கு வலுவளவு இலத்திரன் உள்ள மூலகம் எது? காபன். அந்தத் திண்மத்தில் தாலியம் அணுக்கள் வைரத்தில் காபன் நிற்கும் அதே ஒழுங்கில் நிற்கின்றன, இடைவெளிகளில் சோடியம். இலத்திரன் எண்ணிக்கை மாறினால் ஒரு மூலகம் வேறொரு மூலகத்தின் வடிவத்தை எடுக்கும் என்பதுதான் சிந்தல் விட்டுச் சென்ற யோசனை. இப்படிப் பிறக்கும் அனயன்களைச் சிந்தல் அயன்கள் என்பார்கள்.

எண்ணத் தெரிந்தால் வடிவம் தெரியும்

இந்த விஷயத்துக்குள் நுழைய ஒரு தாளும் பென்சிலும் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எளிய ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

பொசுபரசு 15ஆம் கூட்டம்; ஐந்து வலுவளவு இலத்திரன். மூன்று பிணைப்பு அமைத்தால் எட்டாகிவிடும். ஓர் இலத்திரனை வாங்கிவிட்டால் ஆறு, அதாவது கந்தகத்தின் எண்ணிக்கை. அப்போது இரண்டு பிணைப்பே போதும். இப்போது ஏழு பொசுபரசு அணுக்களும் மூன்று மறையேற்றமும் கொண்ட அயனை எடுங்கள். அதன் அடியில் மூன்று அணுக்கள் முக்கோணமாக நிற்கும். உச்சியில் ஓரணு. முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையையும் உச்சியோடு இணைக்கும் பாலமாக ஒவ்வோர் அணு. பாலத்தில் நிற்கும் மூன்றுக்கும் இரண்டிரண்டு பிணைப்பு. மற்ற நான்குக்கும் மும்மூன்று. இரண்டு பிணைப்பு உள்ளவை மூன்று இருப்பதால் ஏற்றம் மூன்று. மொத்த வலுவளவு இலத்திரன் 35உம் 3உம் சேர்த்து 38. பிணைப்பு ஒன்பதுக்கு 18 போகும், மீதி 20உம் பிணைப்பில் சேராத தனிச்சோடிகள். கணக்கு ஒன்றும் மிஞ்சாமல் முடிகிறது. ஆசனிக்கும் அந்திமனியும் இதே ஏழணுக் கூட்டை அமைக்கும். ஆசனிக்குக் கூடு பின்னால் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெள்ளீயம். 14ஆம் கூட்டம், நான்கு வலுவளவு இலத்திரன். ஒன்பது வெள்ளீய அணு, நான்கு மறையேற்றம் கொண்ட அயனை எடுத்தால் முந்திய கணக்கு உதவாது. அதன் வடிவம் இது: நான்கு அணுக்கள் ஒரு சதுரம். அதற்கு மேலே இன்னொரு சதுரம், 45 பாகை திருப்பி வைத்தது. அதன் மேல் தொப்பி மாதிரி ஓரணு. களிமண்ணை ஒன்பது உருண்டையாகப் பிடித்து, ஈர்க்கை முறித்துக் குத்திக் கட்டிப் பாருங்கள். வகுப்பில் நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். கீழ்ச் சதுரத்துக்கு நான்கு ஈர்க்கு, மேல் சதுரத்துக்கு நான்கு, இரண்டையும் இணைக்க எட்டு, தொப்பிக்கு நான்கு. மொத்தம் 20. ஒவ்வோர் ஈர்க்கும் இரண்டு இலத்திரன் கொண்ட சாதாரணப் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்றால் 40 இலத்திரன் வேண்டும்.

இருப்பது எவ்வளவு? ஒவ்வொரு வெள்ளீய அணுவும் நான்கில் இரண்டைத் தனிச்சோடியாக வெளிப்பக்கம் வைத்துக்கொள்கிறது. கூட்டைக் கட்டத் தருவது இரண்டு மட்டும். ஒன்பது அணுவுக்கு 18, ஏற்றத்தால் வந்தது 4. ஆக 22, அதாவது 11 சோடி. 20 விளிம்பை 11 சோடி தாங்குகிறது. ஒரு சோடி இரண்டு அணுவுக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் கூடு முழுவதும் பரவி நிற்பதால்தான் இது முடிகிறது.

இந்த மாதிரிக் கூடுகளுக்கு 1971இல் கெனத் வேட் என்ற ஆங்கிலேயர் ஒரு விதி கொடுத்தார். போரனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வைகளுக்காக எழுதியது, உலோகக் கூடுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. உச்சிகளின், அதாவது கூட்டில் அணுக்கள் நிற்கும் மூலைகளின், எண்ணிக்கையை விட ஒரு சோடி கூட இருந்தால் கூடு முழுக்க மூடியிருக்கும். இரண்டு சோடி கூட இருந்தால், அடுத்த பெரிய மூடிய கூட்டில் ஓர் உச்சியை எடுத்துவிட்ட வடிவம், அதாவது ஒரு பக்கம் திறந்த கூடு. வெள்ளீயத்துக்கு 9 உச்சி, 11 சோடி. இரண்டு கூட. ஆகவே பத்து உச்சிக் கூட்டில் ஒன்று குறைந்த வடிவம். கீழ்ச் சதுரத்துக்கு அடியில் தொப்பி இல்லை அல்லவா? அதுதான் எடுத்த உச்சி. ஐந்து ஈய அணு, இரண்டு மறையேற்றம் கொண்ட அயனுக்கு 10உம் 2உம் சேர்த்து 12 இலத்திரன், 6 சோடி, 5 உச்சி. ஒன்று கூட. மூடிய கூடு: நடுவே முக்கோணம், மேலும் கீழும் ஒவ்வொன்று. எக்ஸ் கதிர் காட்டியதும் அதுவே.

அந்தத் திறந்த பக்கத்தை மறந்துவிடாதீர்கள். இன்னொரு உலோகம் வந்து ஒட்டுவதற்கு அது வசதியான இடம்.

பளிங்காக எடுத்த கதை

சிந்தலின் கரைசல்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அமோனியாவை ஆவியாக்கிப் பளிங்கு எடுக்கப் பார்த்தால், அனயனில் இருந்த இலத்திரன்கள் கார உலோக அயனிடமே திரும்பிப் போய்விடும். பழையபடி கலப்புலோகம்தான் மிஞ்சும். 1970இல் கும்மர், டீல் என்ற இருவர் அமோனியாவுக்குப் பதில் எதிலீன்டயமின் என்ற கரைப்பானைப் பாவித்து ஒன்பதணு வெள்ளீய அயனைப் பளிங்காக எடுத்தார்கள். ஆனால் எல்லா அயனுக்கும் உதவும் வழி பிறகுதான் கிடைத்தது.

பிரான்சில் ஜான் மரி லேன் 1960களின் கடைசியில் கிரிப்தாண்டு என்ற கூட்டு மூலக்கூறை உருவாக்கியிருந்தார். 1987 நோபல் பரிசில் ஒரு பங்கு அதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது. ஆறு ஒட்சிசனும் இரண்டு நைதரசனும் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். நடுவிலுள்ள வெற்றிடம் பொற்றாசியம் அயனுக்குக் கணக்காக இருக்கும். அமெரிக்காவில் ஜோன் கோர்பெட் இதை எடுத்துச் சிந்தல் கரைசல்களில் போட்டார். முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டால் கோழியைக் கரப்பால் மூடிவைப்போமே, அதே வேலைதான். பொற்றாசியம் அயனைக் கிரிப்தாண்டு மூடிவிட்டால் அது அனயனுக்குக் கிட்டப் போய் இலத்திரனைக் கொத்த முடியாது. 1975இல் ஐந்தணு ஈய அயன், 1977இல் ஒன்பதணு வெள்ளீய அயன் என்று ஒவ்வொன்றாகப் பளிங்கில் வந்தன. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நிறமாக மட்டும் தெரிந்த அயன்களின் அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடிந்தது.

இன்றைக்கும் செய்முறை பெரிதாக மாறவில்லை. ஆர்கன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. முன்பக்கம் தடித்த இறப்பர்க் கையுறைகள் பொருத்தியிருக்கும். கையை அதற்குள் விட்டுத்தான் வேலை. உள்ளே ஒட்சிசனும் ஈரமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். பொற்றாசியத்தையும் வெள்ளீயத்தையும் நான்குக்கு ஒன்பது என்ற அணு விகிதத்தில் நிறுத்து, நையோபியம் அல்லது தந்தாலம் குழாயில் அடைத்து, உருக்கி எடுப்பார்கள். கிடைக்கும் சாம்பல் நிறக் கட்டியை உரலில் பொடியாக்கி, நன்றாக உலர்த்திய எதிலீன்டயமினில், கிரிப்தாண்டோடு போட்டுக் கலக்கினால் செங்கபில நிறம் படரும். வடித்து எடுத்து, மேலே தொலுயீனை மெதுவாக ஓர் அடுக்காக ஊற்றி, தொடாமல் விடுவார்கள். இரண்டு திரவமும் மெல்ல மெல்லக் கலக்கக் கலக்க, நாட்கள் போனபின் சோதனைக் குழாயின் சுவரில் பளிங்குகள் முளைக்கும். அவற்றை எண்ணெய்க்குள் வைத்தே பொறுக்கி எக்ஸ் கதிர்க் கருவியில் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் மாரி மாதத்தில் திறந்து வைத்த உப்பே கசிந்துவிடும். அந்தக் காற்று ஒரு கணம் பட்டாலும் இந்தப் பளிங்குகளுக்கு அதோடு சரி. பொற்றாசியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், ஆசனிக்கும் ஈயமும் நஞ்சு. களிமண் மாதிரியைத் தவிர வேறெதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

கூடுகளைக் கொண்டு கட்டுவது

நானோ என்றால் ஒரு மீற்றரை 100 கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சிறுத்த உலோகத் துணிக்கையில் பத்து அணு கூடினால் ஒரு குணம், குறைந்தால் வேறு குணம். ஆனால் சாதாரண முறையில் நானோத் துணிக்கைகள் செய்தால் எல்லாம் ஒரே அளவில் வராது. சிலது பெரிது, சிலது சிறிது. சராசரியைத்தான் சொல்ல முடியும். அணு எண்ணிக்கை சரியாகத் தெரிந்த கொத்துகள் செய்ய ஒரு வழி, கந்தகம் கொண்ட சேதன மூலக்கூறுகளால் பொன் அணுக்களைச் சுற்றிப் போர்த்துவது. 102 பொன் அணுவும் 44 கந்தக மூலக்கூறும் கொண்ட கொத்தின் அமைப்பு 2007இல் வெளிவந்தது. பெரிய சாதனை அது. சிந்தல் அயன்கள் காட்டுவது மற்ற வழி. இங்கே போர்வை வேண்டாம். கூடே உலோகம், அதைச் சுற்றி நிற்பதும் உலோகம்தான்.

எப்படிக் கட்டுகிறார்கள்? சிந்தல் அயன் கரைசலில், டி தொகுப்பு உலோகச் சேர்வை ஒன்றை, அதாவது ஆவர்த்தன அட்டவணையின் நடுப்பகுதி உலோகத்தின் சேர்வை ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்த உலோகத்தை இலேசாகப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள் உள்ள சேர்வையாகப் பார்த்துத் தெரிவார்கள், கரைசலில் அவை கழன்றுவிட வேண்டும் என்பதற்காக. கழன்ற பின் தனித்து நிற்கும் நிக்கலோ பலேடியமோ பிளாற்றினமோ அனயன் கூட்டைத் தேடிப் போகும். திறந்த பக்கத்தில் தொப்பியாக உட்காரலாம். இரண்டு கூட்டுக்கு நடுவே பாலமாகலாம். கூட்டை உடைத்துப் பெரிதாக்கி அதன் நடுவில் போய் இருக்கலாம்.

கடைசி வகைக்கு ஓர் உதாரணம். ஒன்பதணு ஈய அயனோடு பிளாற்றினச் சேர்வையைச் சேர்த்து, 2004இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஐக்ஹோர்ன் குழுவினர் ஓர் அயனை எடுத்தார்கள்: 12 ஈய அணு, நடுவில் ஒரு பிளாற்றினம், இரண்டு மறையேற்றம். எண்ணிப் பாருங்கள். 12 ஈயமும் இரண்டிரண்டு தந்தால் 24. ஏற்றத்துக்கு 2. மொத்தம் 26, அதாவது 13 சோடி. பிளாற்றினம் தன் பத்து இலத்திரனையும் தானே வைத்துக்கொள்கிறது, கூட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை. 12 உச்சி, 13 சோடி, ஒன்று கூட. மூடிய கூடு. 12 உச்சியுள்ள மூடிய கூடு என்றால் இருபது முக்கோண முகம் கொண்ட திண்மம். அப்படியே வந்தது. ஈயம் 12ஆக நிற்கும் இந்த வடிவம், போரன் 12ஆக ஐதரசனோடு நிற்கும் அயனின் வடிவமேதான். போரன் ஓர் இலேசான மூலகம், ஈயம் வலையை அடியில் இழுக்கும் பாரம். இரண்டையும் ஒரே எண்ணிக்கை ஒரே வடிவத்தில் நிறுத்துகிறது.

அதற்கு ஒரு வருடம் முன்னர், 2003இல், அதே குழுவினர் எடுத்த கொத்துத்தான் என் கண்ணுக்கு மிக அழகானது. ஏழணு ஆசனிக்குக் கூட்டை நிக்கல் சேர்வையோடு எதிலீன்டயமினில் சேர்த்தார்கள். கிடைத்தது 33 அணுக் கொத்து, மூன்று மறையேற்றம். நடுவில் ஓர் ஆசனிக்கு. அதைச் சுற்றி 12 நிக்கல். அதைச் சுற்றி 20 ஆசனிக்கு. 12 நிக்கலும் முன்பு சொன்ன இருபதுமுகத் திண்மத்தின் உச்சிகள். வெளியே 20 ஆசனிக்கும் பன்னிரண்டு ஐங்கோண முகம் கொண்ட திண்மத்தின் உச்சிகள். இந்த இரண்டு திண்மத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஒன்றுக்கு 12 உச்சி, 20 முகம். மற்றதற்கு 20 உச்சி, 12 முகம். ஆகவே ஒவ்வோர் ஆசனிக்கும் ஒரு நிக்கல் முக்கோணத்தின் மேல் சரியாக உட்காருகிறது. ஒவ்வொரு நிக்கலும் ஓர் ஆசனிக்கு ஐங்கோணத்தின் நடுவில் வருகிறது. முழுக் கொத்தும் ஏறத்தாழ ஒரு நானோமீற்றர் அகலம்.

இதையும் களிமண்ணில் கட்டிப் பார்க்கலாம். 12 உருண்டை, 30 ஈர்க்கு. ஒவ்வோர் உருண்டையிலிருந்தும் ஐந்து ஈர்க்கு புறப்பட வேண்டும். பிறகு ஒவ்வொரு முக்கோணத்தின் மேலும் வேறு நிற உருண்டையை வையுங்கள். இருபது வைத்து முடித்தபின் அவற்றை மட்டும் பாருங்கள், ஐங்கோணங்கள் தானாகத் தெரியும். கட்டும்வரை என் மாணவர்களில் அநேகர் நம்பவில்லை. கட்டியவர்கள் யாரும் மறந்ததுமில்லை.

2011இல் மியூனிக்கில் தோமஸ் ஃபெஸ்லர் குழுவினர் இதே அமைப்பை வெள்ளீயத்திலும் செப்பிலும் கண்டார்கள். நடுவில் ஒரு வெள்ளீயம், சுற்றி 12 செப்பு, அதைச் சுற்றி 20 வெள்ளீயம், 12 மறையேற்றம். இது கரைசலில் வந்ததல்ல, மூலகங்களைச் சேர்த்து உருக்கிய திண்மத்துக்குள் இருந்தது. செப்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் திருக்கோவில் முருகன் கோயிலிலும் மணி ஒலிக்கும்போது நாம் கேட்பது இந்த வகைக் கலப்புலோகத்தின் ஓசையைத்தான். அதே இரண்டு உலோகம், கார உலோகத்திடமிருந்து இலத்திரன் வாங்கிக்கொண்டதும் இப்படி எண்ணி வைத்த கொத்தாக நிற்கிறது.

பொன்னும் இந்த வரிசையில் உண்டு. ஒன்பதணு ஜேர்மானியம் கூட்டோடு பொன் சேர்வையைச் சேர்த்து, 45 ஜேர்மானியமும் 3 பொன்னும் உள்ள அயனை 2007இல் எடுத்தார்கள். 45 என்பது ஐந்து ஒன்பது. கற்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கிறது.

ஒரே மூலகக் கூட்டோடு நின்றுவிடத் தேவையில்லை. இரண்டு வெள்ளீயமும் இரண்டு பிசுமத்தும் சேர்ந்து இரண்டு மறையேற்றம் கொண்ட நான்கணு அயன் ஒன்று உண்டு. 8உம் 10உம் 2உம், மொத்தம் 20 வலுவளவு இலத்திரன். வெள்ளைப் பொசுபரசின் நான்கணு மூலக்கூறுக்கும் 20தான். ஆகவே அதே நான்முகி வடிவம். இந்தச் சின்னக் கலப்பு அயன்களை வைத்துப் பெரிய கொத்து கட்டுவதில் ஜேர்மனியின் ஸ்டெஃபனி டேனன் பெயர் பெற்றவர். 2021இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஒரு கொத்தில், 12 பிசுமத்து அணுக்கள் வளையமாக நிற்க நடுவில் தோரியம் இருக்கிறது. காந்தப் புலத்தில் வைத்தால் பென்சீன் வளையம்போல் அந்த உலோக வளையத்திலும் மின் ஓட்டம் சுற்றுகிறது, பென்சீனில் வளையம் முழுவதும் பரவி நிற்கும் ஆறு பை இலத்திரன் செய்யும் வேலையை இங்கே இரண்டே செய்கின்றன. தோரியம் நமக்கு அவ்வளவு தூரமானதல்ல. நம் கிழக்குக் கரையிலேயே வடக்கே புல்மோட்டை மணலில் சிறிதளவு மொனசைட் இருக்கிறது, மொனசைட்டில் தோரியம் இருக்கும்.

சரி, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்வதென்றால், கடையில் வாங்கும் பொருள் எதுவும் இதிலிருந்து இன்னும் வரவில்லை. நெருங்கி வந்தவை உண்டு. 2006இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்பதணு ஜேர்மானியம் அயன் முதலானவற்றை மூலப்பொருளாக எடுத்து, ஒழுங்காகத் துளைகள் அமைந்த ஜேர்மானியத்தைச் செய்தன. ஜேர்மானியம் ஒரு குறைகடத்தி. துளைச் சுவர் நானோ அளவில் மெலியும்போது அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். இரண்டு உலோகம் கலந்த ஊக்கிகளின் மேற்பரப்பில் எந்த அணு எந்த அணுவுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அறியவும், ஒவ்வோர் அணுவின் இடமும் தெரிந்த இந்தக் கொத்துகள் நல்ல மாதிரிகள். ஆனால் இவற்றைப் படிப்பிக்க எனக்கு அந்தப் பயன்கள் தேவைப்படவில்லை. இலத்திரனை எண்ணி வடிவத்தைச் சொல்லி, சொன்ன வடிவம் பளிங்கில் வருவதைப் பார்ப்பது ஒரு பிள்ளைக்கு எப்படிப்பட்ட நம்பிக்கையைக் கொடுக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

கடினமான கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. ஏழு ஆசனிக்கு எப்படி இருபது ஆகிறது? இருபது ஏழின் மடங்குமல்ல. கூடு எங்கே உடைகிறது, துண்டுகள் எந்த ஒழுங்கில் நிக்கலைச் சுற்றுகின்றன? கரைசலில் நடப்பதைப் படிப்படியாகப் பிடிப்பது கஷ்டம், ஏனெனில் நடுவில் தோன்றும் கொத்துகள் அநேகமாக நிலைப்பதில்லை. எங்கெங்கே நிலைக்கின்றனவோ அவற்றைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். டேனன் குழுவினர் ஜேர்மானியமும் ஆசனிக்கும் கலந்த நான்கணு அயனைத் தந்தாலத்தோடு சேர்த்து, வழியில் தோன்றும் சிறு கொத்துகளைப் பளிங்காகவும் திணிவு நிறமாலையிலும் பிடித்து, கணினிக் கணிப்போடு ஒப்பிட்டு 2016இல் வளர்ச்சிப் பாதை ஒன்றை வரைந்தார்கள். ஓரிரு அணுவாகக் கூடிக் கூடி உலோகத்தைச் சுற்றிக் கூடு எழும்புவது அதில் தெரிகிறது. மற்றக் கொத்துகளுக்கும் இப்படி ஒரு பாதை வரைய முடிந்தால், வேண்டிய கொத்தை முதலில் தாளில் எண்ணிவிட்டு, அதற்கேற்ற அயனையும் உலோகத்தையும் தெரிந்து எடுக்கலாம்.

பயிற்சிக்கு ஒன்று: பத்து ஈய அணு, நடுவில் ஒரு நிக்கல், இரண்டு மறையேற்றம். நிக்கலும் பிளாற்றினத்தின் கூட்டம்தான், கூட்டுக்கு எதுவும் கொடுக்காது. 20உம் 2உம் 22, அதாவது 11 சோடி, 10 உச்சி. ஒன்று கூட. வெள்ளீயக் களிமண் மாதிரியை எடுத்து, திறந்திருக்கும் கீழ்ச் சதுரத்துக்கும் ஒரு தொப்பி வையுங்கள். அதுதான் விடை.